கடைசிப் பந்திக்கு வந்தவர்கள்

பெத்தேல்விளையில் இறந்தவர்கள் முதன்முதலாக அசனத்துக்கு வந்தது, கத்தரிக்காய்க் கூட்டில் உப்பு கூடிப்போன வருஷம். அதனால் அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் பாதிப்பேர் முதலில் உப்பைப் பற்றித்தான் பேசுவார்கள், இறந்தவர்களைப் பற்றிப் பிறகுதான் பேசுவார்கள்.

செம்மண் தேரி மேட்டின் ஓரத்தில் பனைக்கும் உடைமரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. ஆண்டுக்கொரு முறை, கோயில் கட்டித் திறந்த நாளின் நினைவாக, வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும், முடிந்தவர்கள் ஆடும் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் இறக்குவார்கள். ஏழு அண்டாவில் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு காய்ச்சி, தோட்டக்காரன் கூலிக்காரன் என்று பாராமல் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் அசனம். பாராமல் என்று சொல்லிக்கொள்வார்கள். பார்க்கத்தான் செய்தார்கள்.

அன்று நாலாவது பந்தியும் எழுந்து, இலைகளை வாரிக் கூடையில் போட்டு, பாயை உதறிக்கொண்டிருந்த சாயங்கால வேளையில், கல்லறைத் தோட்டத்துக் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு நாற்பத்து மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி சட்டையிலும் பெண்கள் புதைக்கும்போது கட்டிவிட்ட சேலையிலும் இருந்தார்கள். தோளிலும் தலைமுடியிலும் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. முதல் மழைக்கு மண் மணப்பதுபோல ஒரு மணம் அவர்களோடு வந்தது. குழாயடியில் கால் கழுவினார்கள். உதறிய பாயை உதறியவர்கள் கையிலிருந்தே வாங்கி விரித்து, வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே இலை வரும் என்று காத்திருந்தார்கள். பேசவில்லை. இறந்தவர்கள் பேசுவதில்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

இலைக்கூடையைச் சுமந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். பிறகு யாரோ ஒருவர், “வந்தவிய உக்காந்துட்டாவ, எலையப் போடுங்கடே” என்றார். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஆனால் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசைக்குள் இறங்க ஒருவருக்கும் கால் வரவில்லை. செத்தவருக்குப் பரிமாறிய கை அடுத்த வருஷம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்று, அதுவரை இல்லாத ஒரு நம்பிக்கை, அந்த ஐந்து நிமிஷத்திலேயே ஊரில் பழைய நம்பிக்கையாகிவிட்டது.

மாசிலாமணி அப்போது தன் முருங்கைத் தோட்டத்தில் இருந்தார். அறுபத்தெட்டு வயது. அசனத்துச் சோற்றைத் தொட்டு இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கதை ஊருக்கே மனப்பாடம், ஏனென்றால் அவர் அதை யாரையும் மறக்க விடவில்லை. அன்று அவர் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு விழுந்துவிட்டது, குழம்பும் விழுந்துவிட்டது, சோற்றைப் பிசைந்து கை வாய்க்குப் பாதி வழி வந்துவிட்டது. அப்போது சபை மூப்பராக இருந்த அவருடைய சொந்த அண்ணன் சுவிசேஷமுத்து வந்து நின்று, “எந்திரிலே, வெளியூர்ல இருந்து பெரிய ஆளுக வந்திருக்காவ, நீ அடுத்ததுல உக்காரலாம்” என்றார். மாசிலாமணி எழுந்தார். கையைக் கழுவினார். வீட்டுக்குப் போனவர், அண்ணன் உயிரோடு இருந்த பத்தொன்பது வருஷமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனைப் புதைத்த அன்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் உடைமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார், பாட்டுப் பாடுவார், பிரசங்கம் கேட்பார். திருவிருந்து தொடங்கும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறிவிடுவார். மனசில் பகையை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பகையை விடத்தான் தெரியாது.

அவரைப் பொறுத்துக்கொண்ட ஒரே ஆள் அவருடைய மனைவி அன்னப்பழம். அவளும், உப்பு கூடிப்போன அதே வருஷம் பங்குனியில், கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “கொஞ்சம் தலையச் சுத்துது” என்று சொல்லி உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை.

ஆகவே செத்தவர்களெல்லாம் அசனத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று வேலிக்கு அப்பால் யாரோ கத்திக்கொண்டு ஓடியபோது, மாசிலாமணி சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினார். முற்றத்தில் நுழைந்ததும் பெண்கள் பக்கம் பார்த்தார். தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்க்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்திருக்கிறவர்களை அப்படிச் சும்மா குனிந்து பார்த்துக்கொண்டு போவது மரியாதை இல்லை, உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கையில் ஒரு வாளி இருந்தால் போகலாம். அவர் வாளியை எடுத்தார்.

ஒரு அகப்பை சோறு, ஒரு முகம். ஒரு அகப்பை சோறு, ஒரு முகம். பனையிலிருந்து விழுந்து செத்த சாமிதாஸ் இருந்தார். ஏழு வீட்டுச் சண்டையைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்த ஞானப்பூ இருந்தாள். பாக்கியத்தாயின் மாமியார் இருந்தாள், பிரசவத்தில் போன பெண் ஒருத்தி இருந்தாள், மூன்று வாத்தியார்கள் இருந்தார்கள். அன்னப்பழம் இல்லை. வரிசையின் கடைசி இலைக்கு முன்னால், மடியில் கையை வைத்துக்கொண்டு, சுவிசேஷமுத்து உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி அந்த இலையைத் தாண்டிப் போய் வாளியைக் கீழே வைத்தார்.

நாற்பத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள், உப்பைப் பற்றி முகம் சுளிக்காமல். பிறகு எழுந்து, கை கழுவி, வந்த வழியே போனார்கள். ஒருவர் மட்டும் வெறும் இலைக்கு முன்னால் பொழுது அடைகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே சபைக் கூட்டம் கூடியது. இறந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. உயிர்த்தெழுதல் உண்டு என்று வாராவாரம் எழுந்து நின்று அறிக்கை செய்கிற சபை, அது சோற்று நேரத்துக்கு நடந்ததில் ஆச்சரியப்பட்டால் நன்றாக இருக்காது. கூட்டத்தில் பேசியதெல்லாம் வேறு. சமையல்காரர் தவசிமுத்து எழுந்து, “ஐயரே, அடுத்த வருசம் எத்தன பேருக்கு ஒல வைக்கணும்னு இப்பவே சொல்லிருங்க. செத்தவிய சாப்பாடு ஆளுக்கு ஒன்ற ஆள் சாப்பாடு. உசுரோட இருக்கையில பல்லில்லாம கஞ்சி குடிச்சவியல்லாம் எலும்பக் கடிச்சுட்டு உக்காந்திருக்காவ” என்றார். குருவானவரை ஐயர் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இந்த ஐயர் வயதில் இளையவர், படிப்பு முடித்து வந்த முதல் ஊர் இது, எதையும் மேலிடத்தைக் கேட்டுத்தான் செய்வார். மேலிடத்துக்கு எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

தெற்குத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, வந்தவர்களில் வடக்குத் தெரு ஆட்கள்தான் அதிகம், சபைத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு உண்டா என்பதை இப்போதே தெளிவுபடுத்த வேண்டும் என்றார்.

“என்னவே, கல்லறைக்குள்ள போயி ஓட்டுக் கேக்கப் போறீரா?” என்றார் வடக்குத் தெருக்காரர் ஒருவர்.

“நான் கேக்கல. நீங்க கேப்பீயன்னுதான் சொல்லுதேன்.”

கடைசியில், இறந்தவர்களுக்குக் கடைசிப் பந்தி, ஓட்டு இல்லை, பரிமாறுகிற வேலை மாசிலாமணிக்கு என்று தீர்மானம் எழுதினார்கள். அவரைக் கேட்காமலே எழுதினார்கள். செய்தி சொல்லப் போன ஐயர், “நீங்க செய்யுறது பெரிய ஊழியம்” என்று தொடங்கினார்.

“எனக்கு ஊழியமும் தெரியாது ஒண்ணுந் தெரியாது, ஐயரே. நான் எம் பொண்டாட்டியத் தேடிப் போறேன். அவ வந்துட்டான்னா வாளிய அங்கனயே வச்சுட்டு வந்துருவேன்.”

ஆனால் அதற்குள்ளேயே ஒரு காரியம் தொடங்கிவிட்டிருந்தது. முருங்கைத் தோட்டத்து வேலியோரம், காய் வாங்க வந்தது போல, விறகு பொறுக்க வந்தது போல, ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். காயின் விலையைக் கேட்பார்கள், மழையைப் பற்றிக் கேட்பார்கள், போவது போலத் திரும்புவார்கள், பிறகு திரும்பாமலே கேட்பார்கள்: “எங்க அய்யா நல்லா சாப்பிட்டாரா?”

மாசிலாமணிக்குப் பொய் சொல்ல வராது. பார்த்ததைச் சொல்வார். பாக்கியத்தாய் வந்து, தலைப்பிள்ளை செத்தபோது எட்டிக்கூடப் பார்க்காத மாமியார் சாப்பிட்டாளா என்று கேட்டபோது, “சாப்பிட்டா. கறிய ஒரு ஓரமா ஒதுக்கி ஒதுக்கி வச்சா. யாருக்கோ எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. எந்திரிக்கையில அத இலையோட விட்டுட்டுப் போவ மனசில்லாம நின்னா” என்றார். பாக்கியத்தாய் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தோப்பை விற்றுத் தின்ற தகப்பனை இருபது வருஷம் திட்டிய ஒருவனுக்கு, “ரெண்டாந்தடவ ரசத்துக்குக் கைய நீட்டினாரு, நீட்டக் கூச்சப்பட்டு நீட்டினாரு” என்று மட்டும் சொன்னார். அவன் காய் வாங்காமலே போனான்.

இரண்டாவது வருஷம் முப்பது பேர்கூட வரவில்லை. பாக்கியத்தாயின் மாமியார் வரவில்லை. ரசத்துக்குக் கை நீட்டியவரும் வரவில்லை. வராதவர்களின் வீட்டாரை ஊர் நினைத்துப் பார்த்தது, வந்தவர்களின் வீட்டாரையும் நினைத்துப் பார்த்தது, அப்போது விஷயம் புரிந்தது: உயிரோடு இருக்கிற யாருடைய மனசிலாவது பகையாக இருக்கிறவர்கள்தான் வருகிறார்கள். சமாதானமாகப் போனவர்கள் வருவதில்லை. அவர்களுக்கு இங்கே பாக்கிச் சாப்பாடு இல்லை.

அது புரிந்ததும் ஊருக்கு வெட்கம் வந்துவிட்டது. தன் வீட்டு ஆள் செம்மண்ணோடு வந்து உட்கார்ந்தால், தன் மனசில் இருக்கிற அழுக்கை ஊரே பார்த்த மாதிரி. முப்பது வருஷம் பேசாத வீடுகள் பேசின. வரப்புச் சண்டைகள் முடிந்தன. சில வீடுகளில் வேறு மாதிரியும் நடந்தது. அம்மாவை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே, ஆற ஆரம்பித்த கோபத்தை ஒரு மகள் ஊதி ஊதி வைத்திருந்தாள் என்றும் சொல்வார்கள்.

மாசிலாமணி செய்யப் பார்த்ததும் அதுதான். ஆனால் அவருக்கு அது வரவில்லை. ஊரிலேயே பகை வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தபால்காரரோடு ஒரு பகை, பஸ் கண்டக்டரோடு ஒரு பகை, இருபது வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு மாட்டோடுகூட ஒரு பகை வைத்திருந்தவர், சொந்த மனைவிமேல் ஒரு பகை கிடைக்காமல் திண்டாடினார். நாள்தோறும் சாயங்காலம் அவளுடைய கல்லறைக்குப் போய் உட்கார்ந்து தேடினார். அவள் குழம்பில் புளி கூட விடுவாள். ஆனால் அவருக்குப் பிறகு அதுதான் பிடித்துப்போனது. அவர் வேண்டாம் என்று சொல்லியும் அவருடைய அண்ணன் அடக்கத்துக்குப் போனாள்; ஆனால் போய்விட்டு வந்து, கேட்காமலே, அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குச் சொன்னாள், அவரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். ஒருநாள், “என்னை விட்டுட்டு முந்திப் போயிட்டால்லா நீ, அதுக்கு உன்ன மன்னிக்கவே மாட்டேன்” என்று கல்லைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். இது பலமான காரணம், இது நிற்கும் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதுவும் அழுகையாக மாறிவிட்டது. அழுகை பகையில் சேராது.

மூன்றாவது வருஷம் ஒன்பது பேர். ஒன்பதாவது இலை வழக்கம்போல் சுவிசேஷமுத்துவுக்கு. அந்த வருஷம் அவருடைய மனைவி ரத்தினபாய் தானே வாளியை வாங்கி, புருஷன் இலையில் சோறு போட்டுக் குழம்பும் விட்டாள். அவர் தொடவில்லை. ஐயர் போய்க் கறி வைத்தார். தொடவில்லை. சோறு ஆறிக் கட்டியாகும் வரை, முற்றத்தின் மறுபக்கம் பாய் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பசியோடு எழுந்து போனார்.

அடுத்த வருஷ அசனத்துக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தினபாய் முருங்கைத் தோட்டத்துக்கு வந்தாள். முப்பது வருஷமாக அந்தக் கதவைத் தாண்டாதவள், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தாள்.

“கொழுந்தனாரே, இந்த வருசம் அவிய ஒருத்தருதான் வருவாவ போல. மத்த வீட்டுலல்லாம் தீத்துக்கிட்டாவ.”

“கேள்விப்பட்டேன்.”

“ஒரு அகப்ப சோறு போடப்படாதா?”

“என்ன எந்திரிக்கச் சொன்னாருல்லா, மைனி.”

“சொன்னாவ. தப்புத்தான். அன்னைக்கே நான் சொன்னேன், போயி தம்பியக் கூட்டிட்டு வாங்கன்னு. முறைச்சாவ. முரண்டு என்ன அவியளுக்கு மட்டுமா, உங்க வம்சத்துக்கே உள்ளதுதான. செத்தும் விடல பாத்தீரா, பொண்டாட்டி போட்ட சோறு எறங்கல.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு, யாரிடமும் சொல்லாததை, கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் அவருக்குப் போட்டுட்டேன்னா, எனக்குள்ள உள்ளதெல்லாம் தீந்து போவும். தீந்துட்டா அவரு வர மாட்டாரு. அவரு வரலன்னா கடைசிப் பந்தியே கெடையாது. ஒருநாள் அவ வந்தான்னா? கம்பிக் கதவத் தொறந்துட்டு வாரா, பாயி இல்ல, எல இல்ல, போட ஆளில்ல. அப்ப என்ன செய்வா?”

“அன்னம் என்னத்துக்கு வாரா? அவமேல உமக்கு என்ன பகை?”

“தேடிட்டிருக்கேன், மைனி. ரெண்டு வருசமா.”

ரத்தினபாய் எழுந்து, சேலையில் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டு, போகும்போது கதவைச் சாத்தாமல் போனாள்.

அசனத்தன்று ஐந்தாவது பந்திக்கு ஒரு இலைதான் போட்டார்கள். நீளப் பாயில் ஒற்றை இலை கிடந்தது. கம்பிக் கதவு திறந்தது. சுவிசேஷமுத்து வந்தார், கால் கழுவினார், உட்கார்ந்தார். மூன்று வருஷப் பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்தது. மூப்பராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த மனுஷன், இப்போது இலைக்கு முன்னால் முதுகு வளைந்து, பந்தியிலிருந்து யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று பயந்த ஆள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி வாளியோடு நின்றார். முற்றமே அவரைப் பார்த்தது. அவர் கம்பிக் கதவைப் பார்த்தார். அது திறந்தே கிடந்தது, அதற்கு அப்பால் சிவப்பு மண்ணும் வெள்ளைச் சிலுவைகளும், சாயங்கால வெயிலும். வேறு யாரும் வரவில்லை. யாரும் வராத அந்த வழியை, ஒரு ஆள் நடந்து வந்து சேருகிற நேரம் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பாயில் ஏறி, குனிந்து, அண்ணன் இலையில் சோறு போட்டார்.

அண்ணன் பிசைந்தார். சாப்பிட்டார். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி, தலை நிமிராமல் சாப்பிட்டார். மாசிலாமணி குழம்பு விட்டார், கறி வைத்தார், மறுசோறு போட்டார், ரசம் விட்டார். நிற்கிற காலுக்கு வலி தெரியவில்லை. இத்தனை வருஷமும் முகம் பார்க்கவே வாளி தூக்கினவர், அன்று ஒரு கை இலைக்கும் வாய்க்கும் போய்வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இலை காலியாகிற இடத்தில் சோறு போட்டார்; அதைத் தவிர அந்த நேரத்தில் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கே தெரியவில்லை.

அண்ணன் போதும் என்று கையை இலைக்கு மேலே காட்டினார். மாசிலாமணி அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே. அடுத்த வருசம் வராண்டாம்.”

சுவிசேஷமுத்து அவரைப் பார்த்தார்.

“அங்க அவ இருப்பா. சாப்பாட்டு நேரமானா நீரு போயிக் கூப்பிடணும். கூப்பிடாட்டா அவ வர மாட்டா, எல்லாருக்கும் போட்டுட்டு உக்காரலாம்னு நின்னுட்டே இருப்பா. நீரு மூப்பரு, நீரு சொன்னா கேப்பா. முதப் பந்திலயே உக்காத்திரும்.”

அண்ணன் தலையை ஆட்டினார். எழுந்தார். தம்பியின் தலைமேல் ஒரு நிமிஷம் கையை வைத்தார். எச்சில் கை, சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்த கை. பிறகு குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு, கம்பிக் கதவைத் தாண்டி, அதைத் தன் பின்னால் கொண்டி போட்டுச் சாத்திவிட்டுப் போனார்.

கொண்டி விழுந்த சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. மாசிலாமணி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, குத்துக்காலிட்ட இடத்திலேயே இருந்தார். ரத்தினபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஐயர் ஜெபம் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். வெயில் கோயில் கோபுரத்துக்கு ஏறியது.

அப்புறம் மாசிலாமணி அண்ணன் இலையை மடித்து எடுத்துக் கூடையில் போட்டார். வாளியைப் பார்த்தார். பாதிக்கு மேல் சோறு இருந்தது. பாயும் விரித்தபடி கிடந்தது. இனிமேல் இந்த வாளியைத் தூக்கத் தனக்கு ஒரு காரணமும் இல்லை என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். அடுப்படிப் பக்கம், காலை மூன்று மணியிலிருந்து புகைக்குள் நின்ற தவசிமுத்துவும், அண்டா தேய்க்கிற நாலு பெண்களும், வெளியூரிலிருந்து விறகு கொண்டுவந்த வண்டிக்காரரும், வழக்கம்போல் நின்றபடியே அண்டாவின் அடியைச் சுரண்டி, ஆளுக்கொரு உருண்டை கையில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எத்தனையோ வருஷமாக அவர்கள் அப்படித்தான் தின்கிறார்கள். அதை அவர் அன்றுவரை பார்த்ததில்லை.

“தவசிமுத்து, வாரும். எல்லாரையும் கூட்டிட்டு வந்து உக்காரும்.”

“எங்கன?”

“பாயிலதான். கடைசிப் பந்தில.”

தவசிமுத்து கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார், ஒற்றை இலை கிடந்து எடுத்த பாயைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நாங்க இன்னும் சாவலியே.”

“பரவால்ல” என்று மாசிலாமணி இலைக்கட்டை எடுத்தார். “உக்காரும்.”